அடுப்பு வைக்க ஒரு இடம்

வட்டிலப்பம் எண்டு சொல்லிப்போட்டு முட்டைக் களி விக்கிறவளுகள் இப்ப ரோட்டுக்கு நாலு பேர் இரிக்காளுகள். சீனியக் கரிச்சு நிறம் எடுக்கிற, அதுக்கு மேல கித்துள் கருப்பட்டிப் படம் ஒட்டுற, போன்ல விக்கிற. நானும் வாங்கித் திண்டு பாத்தன், ரெண்டாவது கரண்டி இறங்கல்ல. ஜுனைதாட கையால திண்டு பழகின வாய்க்கு வேற ஒருத்திட வட்டிலப்பம் பிடிக்காது. அந்த ஜுனைதா இப்ப கல்முனையில ஒரு புரியாணிக் கடைக் குசினியில நாள் கூலிக்கு நிக்கிறா. அவவுக்கு என்ன குறை, ரெண்டு மகளுக்கும் வீடு கட்டிக் குடுத்தவதானே, எதுக்கு இந்த வயசில கூலிக்குப் போறா எண்டு ஊர்ல கேக்கிறாங்க. அந்தக் கேள்வியக் கேட்டா எனக்கு வாற கோவத்துக்கு அளவில்ல. அதனாலதான் முழுசாச் சொல்றன்.

என்ட பேர் ஸகியா. ஜுனைதா என்ட தம்பிட பொண்டாட்டி. சாய்ந்தமருதுல எங்கட பக்கம் வந்து வாய்க்காரி ஸகியா ஆரு எண்டு கேட்டா ஆரும் காட்டுவாங்க. வாய் இருந்து என்ன செய்ய, அதால ஆருக்கும் ஒரு பிரயோசனமும் வரல்ல.

தம்பி றஸாக் சம்மாந்துறையில ஒரு அரிசி ஆலைக்கு லொறி ஓட்டினவன். வேளாண்மை வெட்டுற காலத்தில ராப்பகல் எண்டு பாக்காம நெல்லு ஏத்துவான். ஒரு நாள் பகல் வந்து தேத்தண்ணி குடிச்சான், நெஞ்சு பாரமா இரிக்கி எண்டு படுத்தான், அஸர் தொழுகைக்கு எழுப்பக்குள்ள ஆள் இல்ல. மூத்தவள் நிஹ்லா அப்ப எட்டாம் வகுப்பு, இளையவள் ஹுஸ்னியா அஞ்சாம் வகுப்பு. அவன் விட்டுட்டுப் போனது கரை சேக்க வேண்டிய ரெண்டு கொமருப் புள்ளைகளும், ஒரு பழைய மோட்டார் சைக்கிளும். வீடு ஜுனைதாட உம்மா வாப்பா அவட கலியாணத்துக்குக் குடுத்த வீடு. ரெண்டு அறை, முன்னால ஒரு விறாந்தை, பின்னால தகரக் குசினி, அவ்வளவுதான்.

புருசன் மௌத்தானா எங்கட பொம்பிளைக்கு இத்தா எண்டு ஒரு காலம் இரிக்கி. நாலு மாசத்துக்கு மேல வீட்ட விட்டு இறங்கேலா, அந்நிய ஆம்பிளைக்கு முகம் காட்டேலா. வருமானம் இல்லாத பொம்பிளைய நாலு சுவருக்குள்ள இருத்தி வெச்சா அவ என்ன செய்யிற? ஜுனைதா சமைச்சா. நாப்பதாம் நாள் கத்தம் ஓதின சாப்பாட்டுக்குத் தன்ட கையாலயே வட்டிலப்பம் அவிச்சா. வந்தவங்கள்ல ஹமீட் எண்டு ஒருத்தர், கல்முனையில புரியாணிக் கடை வெச்சிரிக்கிறவர். அவர் ஒரு கோப்பை திண்டுட்டு, இன்னொண்டு கேட்டு வாங்கித் திண்டுட்டு, இது ஆருட கை எண்டு கேட்டார். மௌத்து வீட்டுல கேக்கிற கேள்வியா இது எண்டு நான் ஏசினன். மனிசன் அசையல்ல. அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தன்ட கடைக்கு அவிச்சுத் தர ஏலுமா எண்டு கேட்டார்.

அந்த வியாபாரம் பேசினதை நினைச்சா எனக்கு இப்பயும் சிரிப்பு வரும். ஜுனைதா உள்ள, திரைக்கு அங்கால. ஹமீட் விறாந்தைக்கு வெளிய, வெயில்ல. நடுவில நான். அவர் ஒரு விலை சொல்லுவார், அது ரெண்டு பேருக்கும் கேக்கும், ஆனா நான் திரும்பச் சொல்லணும். அவ உள்ள இருந்து முட்டை விலை தெரியுமா அவருக்கு எண்டு கேப்பா, அதுவும் அவருக்குக் கேக்கும், நான் திரும்பச் சொல்லணும். தொண்டை வறண்டு போச்சி. கடைசியில ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க, எனக்குத்தான் ஒரு கோப்பை தண்ணி குடுக்க ஆளில்ல. அப்பிடித்தான் அவட தொழில் தொடங்கினது. இத்தா முடியிற மட்டும் நான்தான் கூடையத் தூக்கிக்கிட்டு பஸ்ல கல்முனைக்குப் போனன்.

வட்டிலப்பம் அவிக்கிறது பெரிய வித்தை ஒண்டுமில்ல, பொறுமைதான் வேணும். கருப்பட்டியக் கட்டித் தேங்காய்ப் பால்ல கரைச்சு சீலையில வடிக்கிற. முட்டைய நுரை வராம உடைச்சுக் கலந்து திரும்பவும் வடிக்கிற. ஏலக்காயும் சாதிக்காயும் போட்டு, நுரை அடங்கும் மட்டும் கை வெக்காம விடுற. பொறகு கப்புல ஊத்தி மூடி, அண்டாவுக்குள்ள ஆவியில வைக்கிற. நெருப்பு ஏறிச்சோ, உள்ளுக்குள்ள ஓட்டை ஓட்டையா வந்திடும். குறைஞ்சா தண்ணி விட்டிடும். ஜுனைதா விறகு அடுப்பிலதான் அவிப்பா. முந்திரி விறகும் தென்னம் மட்டையும் போட்டு, அந்தத் தணலுக்கு முன்னால குந்தி இருப்பா. பக்கத்தில போய்க் கதைச்சா ஓம் ஓம் எண்டுவா, ஒண்டும் காதில விழாது. காஸ் அடுப்பில ஒருக்கா முயற்சி செஞ்சு பாத்தா. காஸ் காசையே திண்டிடுது, ருசியையும் திண்டிடுது எண்டு விட்டுட்டா.

கையில கொஞ்சம் சேரச் சேர அவ முதல்ல செஞ்ச வேலை குசினி கட்டினதுதான். தகரத்தைப் பிடுங்கி எறிஞ்சிட்டுக் கல்லால கட்டினா. ரெண்டு பெரிய அடுப்பு, நிண்டு வேலை செய்யிற உயரத்துக்கு மேடை, பொகை போக உயரமா ஒரு கூடு. மேசன் கூட்டைச் சின்னதா வெச்சிட்டான் எண்டு உடைச்சுத் திரும்பக் கட்ட வெச்சா. படுக்கிற அறையில மழை ஒழுகுது, அதைப் பாக்காம குசினிக்குச் செலவழிக்கிறியே எண்டு நான் ஏசினன். மழை ஒழுகினா பேசன் வெக்கலாம் மச்சி, அடுப்பு நனைஞ்சா என்ன வெக்கிற எண்டு கேட்டா.

நாட்டுல காஸும் இல்ல, பெற்றோலும் இல்ல எண்டு சனம் வரிசையில நிண்ட அந்த வருசம் ஞாபகம் இரிக்கும். வீட்டில கேக்கும் புடிங்கும் செஞ்சு வித்தவளுகள் எல்லாம் கையக் கட்டிக்கிட்டு இருந்தாளுகள். ஜுனைதாட அடுப்பு ஒரு நாளும் அணையல்ல. சம்மாந்துறையில இருந்து முட்டை சைக்கிள்ல வரும், கலியாண வலிமா விருந்துக்குக் கேட்டு அக்கரைப்பத்துல இருந்தெல்லாம் ஆள் வரும். கேற்றடியில நிண்டு "வட்டிலப்ப வீடு இதானே" எண்டு கேப்பாங்க. அந்தக் காலத்திலதான் அவ வீட்டுக்கு மேல கொங்கிரீட் பிளேட் போட்டா, டைல்ஸ் பதிச்சா, வட்டைப் பக்கம், வயலோரமா, இளையவளுக்கு எண்டு ஒரு சின்ன வளவும் வாங்கிப் போட்டா. எல்லாம் முட்டையும் கருப்பட்டியும்தான்.

நிஹ்லாவுக்கு மாப்பிள்ளை வந்தது. பேர் முர்ஷித், அரசாங்கக் கந்தோர்ல கிளாக், நல்ல புள்ள, ஒருத்தரையும் ஏறிட்டுப் பாக்காது. எங்கட ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்கு வாறவர். வாறவருக்கு வீடு வேணும், அந்த வீடு பொம்பிளைட பேரில எழுதியிரிக்கணும். வெளியூராக்களுக்கு இதைச் சொன்னா, அடடா பொம்பிளைக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு எண்டு சொல்றாங்க. சொல்லட்டும். அந்த வீட்டக் கட்டிக் குடுத்துட்டு வெறுங்கையோட நிக்கிறவளும் ஒரு பொம்பிளதானே, அது ஒருத்தருக்கும் ஞாபகம் வாறல்ல.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதப் போன இடத்தில நொத்தாரிசு ஐயா ஒரு கேள்வி கேட்டிரிக்கார். உங்கட சீவிய உருத்தை வெச்சு எழுதவா எண்டு. நீங்க உயிரோட இருக்கும் மட்டும் வீட்டில இருக்கவும் பாவிக்கவும் உங்களுக்கு உரிமை இரிக்கி எண்டு உறுதியில ஒரு வரி போடுறது. ஜுனைதாவுக்கு அது ஏச்சு மாதிரிப் பட்டிருக்கு. பெத்த மகள்ட வீட்டில இருக்க எனக்கு எழுத்து வேணுமா எண்டு கேட்டிட்டு, வீடு, வளவு, கிணறு, குசினி எல்லாத்தையும் ஒண்டும் விடாம எழுதிக் குடுத்திட்டு வந்தா. அந்தப் பொகைக்கூடும் அதோட போச்சி.

முதல் ஒரு வருசம் ஒரு குறையும் இல்ல. மருமகன் பகல் சாப்பாட்டுக்கு வாற நேரம் கேற்றடியில நாலு மோட்டார் சைக்கிள் நிக்கும், வந்தவங்க அவர்ட்டயே விலை கேப்பாங்க, அவர் தலையக் குனிஞ்சிக்கிட்டு உள்ள போவார். மருமகன்ட உம்மா வந்தா மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டு இருப்பா. வீட்டுக்கு வந்தனா கடைக்கு வந்தனா எண்டு தெரியல்லியே எண்டு ஒருக்காச் சொன்னா. நான் அங்க இருந்திருந்தா நல்லாக் குடுத்திருப்பன். ஜுனைதா தேத்தண்ணி குடுத்தா.

நிஹ்லாவுக்கு ஆம்பிளப் புள்ள பிறந்திச்சி. பிறந்து கொஞ்ச நாளில புள்ளைக்கு நெஞ்சில இரைச்சல். மூச்சு எடுக்கக்குள்ள விலா எலும்பு உள்ள போய் வரும். டொக்டர் வீட்டில பொகை இரிக்கா எண்டு கேட்டிரிக்கார். நிஹ்லா வந்து உம்மாட கையப் பிடிச்சு, கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவமா எண்டு கேட்டா. ஜுனைதா ஒரு கேள்வி கேக்கல்ல. அண்டாவுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்ததை இறக்கினா, அடுப்புக்குத் தண்ணி ஊத்தினா. பேரன் எண்டா அவவுக்கு உசிர். புள்ள கொஞ்சம் தேறட்டும், பொறகு பாப்பம் எண்டு என்னட்டச் சொன்னா. ஹமீட்டுக்கும் அதையே சொல்லி அனுப்பினா.

அந்த மாசம் மருதமுனையில அவட சாச்சி ஒருத்தி சுகமில்லாம படுத்திட்டா. ஜுனைதா போய் ஒரு கிழமை நிண்டு பாத்தா. திரும்பி வரக்குள்ள நானும் கூட வந்தன். வீட்டுக்குள்ள போனா நிஹ்லா முகமெல்லாம் சிரிப்பு, கண்ண மூடிக்கிட்டு வாங்க உம்மா எண்டு கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறா. குசினி வாசல்ல மருமகன் நிக்கிறார். கண்ணைத் திறந்து பாத்தா அடுப்பு ரெண்டும் இல்ல. மேடையும் இல்ல, பொகைக்கூடும் இல்ல. சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ், கண்ணாடி போட்ட அலுமாரி, பளபளக்கிற ஒரு காஸ் அடுப்பு. கந்தோர்ல கடன் எடுத்து, தன்ட காசில செஞ்சிரிக்கார் மனிசன். "இனி நீங்க ஒண்டுக்கும் கஷ்டப்பட வேணாம் உம்மா, ராசாத்தி மாதிரி இருக்கலாம்" எண்டார். அவர் மனசறிஞ்சு சந்தோசமாத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இண்டைக்கும் பொறுக்கல்ல, ஒருத்தனும் கெட்டவனா இல்ல.

ஜுனைதா டைல்ஸத் தடவிப் பாத்தா. மாஷா அல்லாஹ், நல்ல வடிவா இரிக்கி எண்டு சொன்னா. கிணத்தடிக்குப் போனா, முகம் கழுவினா, திரும்பத் திரும்பக் கழுவினா. நான் நிஹ்லாவப் பிடிச்சிக்கிட்டன். உம்மாட வயித்தில அடிச்சிரிக்கியே, ஒரு சொல்லுக் கேட்டியாடி எண்டு கத்தினன். அந்தப் புள்ள பயந்து போச்சி. கண் கலங்கிச்சி. "மாமி, எங்கட வீட்டில எங்கட குசினியத்தானே மாத்தினம்" எண்டு சொல்லிச்சி. அவள் சொன்னதில எங்க பிழை?

ஜுனைதா ஒரு மாசம் சும்மா இருந்து பாத்தா. பேரனைத் தூக்கினா, துணி துவைச்சா, மகள் தாறதைத் திண்டா. ஒரு நாள் ஹுஸ்னியாவுக்குப் புத்தகம் வாங்க மருமகன்ட்டக் காசு கேக்க வேண்டி வந்திச்சி. அவர் உடனே எடுத்துக் குடுத்தார், நல்ல மனிசன். காசை வாங்கினவ நேரா என்னட்ட வந்தா. அழுவா எண்டு நினைச்சன், அழல்ல.

"மச்சி, எனக்கு ஒரு அடுப்பு வேணும். அடுப்பு இருந்தா நான் ஒருத்தர்ட முகத்தையும் பாக்கத் தேவல்ல" எண்டா.

வட்டைப் பக்கத்து வளவில, இளையவளுக்கு எண்டு வாங்கிப் போட்டதில, கைக் காப்ப வித்து ஒரு அறை கட்டினா. அதோட ஒட்டித் தகரத்தில ஒரு பத்தி இறக்கி, செங்கல்லால அடுப்பு போட்டா. அவவும் ஹுஸ்னியாவும் அந்த ஒரு அறையில படுத்தாங்க. பள்ளக் காணி அது. மாரிக்கு வயல் தண்ணி பத்திக்குள்ள வந்து அடுப்பக் கரைச்சிச்சி. கல்லு அடுக்கி உயர்த்திப் போட்டா, திரும்பவும் வந்திச்சி, இன்னும் உயர்த்தினா. கேற்றடியக் கண்டு பழகின சனம் பழைய வீட்டுக்குத்தான் போனது. உம்மா இப்ப வட்டைப் பக்கம் எண்டு நிஹ்லா சொல்லுவாள். அவ்வளவு தூரம் ஆரு போறது எண்டு பாதிப் பேர் வேற ஆள் தேடிட்டாங்க. ஹமீட் மட்டும் ஓட்டோ அனுப்பி எடுத்தார். மெல்ல மெல்ல, ரெண்டு பெருநாள் போக, பழைய ஆக்கள்ல கொஞ்சம் திரும்பி வந்தாங்க. ஜுனைதாட முகத்திலயும் கொஞ்சம் ரத்தம் ஊறிச்சி. என்னோட சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறிட்டா, அதுல எனக்குச் சந்தோசம்.

அதுக்குள்ள ஹுஸ்னியாவுக்குக் கலியாணப் பேச்சு வந்திச்சி. நிப்றாஸ் எண்டு கட்டார்ல வேலை செய்யிற பொடியன். வீட்டாக்கள் மரியாதையான ஆக்கள்தான், சீதனம் எண்டு வாய் திறந்து கேக்கல்ல. வீட்ட மட்டும் முழுசாக் கட்டி எழுதிக் குடுங்க எண்டாங்க. வீடு எண்டது எங்கட ஊர்ல சீதனக் கணக்கிலயே சேராது, அது சோறு தண்ணி மாதிரி. ஹுஸ்னியா அவட அக்கா மாதிரி இல்ல, என்ட ரத்தம் கொஞ்சம் ஓடுது. உம்மா எழுத வேணாம், எழுதாத வீட்டுக்கு வாறவன் வரட்டும், இல்லாட்டி நான் இப்பிடியே இருக்கன் எண்டாள். நான் பக்கத்தில இருந்து மாஷா அல்லாஹ் எண்டன். ஜுனைதா எழும்பி வந்து அவள்ட கன்னத்தில ஒண்டு விட்டா. புள்ளைய அவ அடிச்சு நான் கண்டது அண்டைக்குத்தான்.

"வீடில்லாம ஆருடி உன்ன எடுக்கிற? மூத்தவளுக்குக் குடுத்தவள் வாப்பா இல்லாத இளையவளுக்குக் குடுக்கல்ல எண்டு ஊர் என்னைச் சொல்லவா?" எண்டு கேட்டா.

திரும்பச் சேந்ததையெல்லாம் கொட்டி அந்த அறையோட சேத்து வீட்டக் கட்டி முடிச்சா. நான் விடல்ல. ஒரு கிழமையா அவட தலைக்குள்ள ஓதினன். எழுது, ஆனா இந்த முறை சீவிய உருத்தை வெச்சு எழுது, அந்தப் பத்தி உன்ட உசிர் இருக்கும் மட்டும் உன்ட, ஒருத்தனும் கை வெக்கேலா. ஓம் மச்சி, ஓம் மச்சி எண்டா. நொத்தாரிசு கந்தோருக்கு நானும் போனன், அவக்குப் பக்கத்தில கதிரையப் போட்டு இருந்தன். மாப்பிள்ளைட பெரியவாப்பா எதிர்ல இருந்தார், நல்ல வெள்ளைத் தொப்பி, வாய்க்குள்ள ஓதுற தஸ்பீஹ். நொத்தாரிசு ஐயா அதே கேள்விய இந்தத் தடவையும் கேட்டார். நான் ஜுனைதாட தொடையக் கிள்ளினன். பெரியவாப்பா தஸ்பீஹை நிப்பாட்டினார்.

"இல்ல ஐயா. முழுசா எழுதுங்க" எண்டா ஜுனைதா.

வரக்குள்ள ஓட்டோவில நான் அவவோட கதைக்கல்ல. கதைச்சிருந்தா கேக்கக் கூடாததெல்லாம் கேட்டிருப்பன். கல்முனை தாண்டி வரக்குள்ள அவவாச் சொன்னா: "மச்சி, அந்த வரிய எழுதினா அது நான் எப்ப மௌத்தாவேன் எண்டு பாத்துக்கிட்டு இருக்கிற வீடாப் போயிடும். அந்தப் புள்ளைக்கு அதுக்குள்ள ஒரு நாள் நிம்மதி இருக்குமா?" நான் வெளியப் பாத்துக்கிட்டு வந்தன். என்ன மனிசி இவ எண்டு கோவம்தான் வந்திச்சி.

கலியாணம் முடிஞ்சி நிப்றாஸ் கட்டாருக்குத் திரும்பிப் போனான். அங்க இருந்து காசு அனுப்பினான், முன்னால ஒரு மண்டபமும் சுத்து மதிலும் கட்டச் சொல்லி. மதில் அடுப்புப் பத்தி நிக்கிற இடத்தாலதான் போகணும். அடுப்பு எங்க வைக்கிற எண்டு ஹுஸ்னியா போன்ல கேட்டாள். உம்மா எங்களோட இருக்கட்டும், ராசாவாப் பாத்துக்கிறன், அடுப்பு மட்டும் வேற எங்கயும் எண்டிரிக்கான். வெயில்ல காஞ்சு கட்டுற வீட்டுக்கு முன்னால பொகை அடிச்சா எப்பிடி எண்டிரிக்கான். ஹுஸ்னியா விடல்ல, வீடு என்ட பேரில இரிக்கி, அடுப்பு அங்கதான் இரிக்கும் எண்டாள். போன் வாறது நிண்டு போச்சி. அவன்ட உம்மாவும் வாறல்ல. ஹுஸ்னியாவுக்குச் சாப்பாடு இறங்கல்ல. படுத்தா பாயை விட்டு எழும்பல்ல.

ஒரு நாள் காலையில நான் போகக்குள்ள, ஜுனைதா சீலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, அலவாங்குக் கம்பியால தன்ட அடுப்பத் தானே உடைக்கிறா. ஹுஸ்னியா வாசல்ல குந்தி இருந்து அழுறாள். நான் ஓடிப்போய் அலவாங்கப் பிடிச்சன். விடுங்க மச்சி, அடுப்பா புள்ளையா எண்டு கேட்டா. நான் விட்டன். செங்கல்லைக் கூட ஒண்டு ஒண்டா எடுத்து மதிலுக்கு உதவும் எண்டு அடுக்கி வெச்சா. அண்டைக்குப் பின்னேரம் கட்டார்ல இருந்து போன் வந்திச்சி.

அண்டாவும் சட்டியும் ஒரு மூலையில கிடந்திச்சி. ஹமீட்டுக்கு நோன்புக்குக் குடுக்கிறன் எண்டு சொன்ன வேலை இரிக்கி. ஜுனைதா என்னட்ட வந்து, எங்கட வாசல் படியில இருந்தா. நான் இருக்கிறது மகள் றுஸ்னாவோடயும் மருமகன் ஸிராஜோடயும். பின்னால மாமரத்துக்குக் கீழ நல்ல இடம் சும்மா கிடக்கு, பழைய ஆட்டுக் கொட்டில் ஒண்டும் இரிக்கி.

"மச்சி, உங்கட வளவில ஒரு மூலை தாறீங்களா? அடுப்பு வைக்க மட்டும்" எண்டா.

எனக்குக் கோவம் வந்திச்சி. இதுவும் ஒரு கேள்வியா, என்னட்டயும் கேட்டுத்தான் வைக்கணுமா, நாளைக்குக் காலையில எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வா எண்டன். அவ என்ட கையப் பிடிச்சி முத்தம் தந்தா. ஒரு வருசத்துக்குப் பொறகு அந்த முகத்தில சிரிப்பக் கண்டன்.

மஃரிப் தொழுகைக்குப் பொறகு றுஸ்னாட்டச் சொன்னன். அவள் அரிசி களைஞ்சிக்கிட்டு இருந்தவள், கைய எடுத்திட்டாள். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டுச் சொல்லியிருக்கலாமே உம்மா எண்டாள். இவர்ட்ட நான் என்னத்தச் சொல்ற எண்டாள். ஸிராஜ் தொழுதிட்டுப் பள்ளியால வந்தார். தங்கமான மனிசன், என்னை உம்மா எண்டுதான் கூப்பிடுவார், ஒரு நாளும் குரல் உயர்த்தினதில்ல. கேட்டிட்டு, "பாப்பம் உம்மா" எண்டார். அந்த வீட்டில பாப்பம் எண்டா இல்ல எண்டு எனக்குத் தெரியும். நான் இருபது வருசமா அந்த வளவக் கூட்டுறன், மாங்காய் பிடுங்கி விக்கிறன், வாறவன் போறவன ஏசுறன். உறுதி றுஸ்னாட பேரில, அவட கலியாணத்துக்கு நானும் அவட வாப்பாவும்தான் எழுதினம். அது என்ட இல்ல எண்டு எனக்கு ஒரு நாளும் தோணல்ல. ஒண்டும் கேட்டுப் பாத்ததில்ல, அதுதான் தோணல்ல.

விடிஞ்சிச்சி. போன் எடுத்து வராத எண்டு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல. எட்டு மணிக்கு முன்னமே ஓட்டோ வந்து கேற்றடியில நிண்டிச்சி. உள்ளுக்குப் பெரிய அண்டா, சட்டிகள், ஒரு கட்டு விறகு, அதுக்கு மேல ஜுனைதா. கழுவி இஸ்திரி போட்ட அபாயா போட்டிருந்தா, பெருநாளைக்குப் போறவ மாதிரி. நான் கேற்றத் திறக்காமப் பிடிச்சிக்கிட்டு நிண்டன்.

அவ என்ட முகத்தப் பாத்தா. எனக்குப் பின்னால வாசல்ல நிண்ட றுஸ்னாவையும் பாத்தா. இறங்கப் போன காலை உள்ள எடுத்து வெச்சா.

"பரவாயில்ல மச்சி. உங்கட வளவும் உங்கட இல்லத்தானே" எண்டா. குத்திச் சொல்லல்ல, எனக்கு ஆறுதலுக்குத்தான் சொன்னா. கல்முனைக்குத் திருப்புங்க தம்பி, ஹமீட்ட கடைக் குசினிக்கு எண்டு ஓட்டோக்காரன்ட்டச் சொன்னா.

ஓட்டோ ரோட்டுக்கு ஏறிப் போச்சி. நான் அங்கயே நிண்டன். உள்ளுக்கிருந்து றுஸ்னா, வெயில்ல நிக்காம வாங்க உம்மா எண்டு கூப்பிட்டாள். அவட வீடு, கூப்பிட்டா போகணும். போனன்.